உபரி எழுத்து

பிஷப் ஹாட்டன் தன் வீட்டு வடக்கு அறைக்குப் புதுத் தரை போடுகிறார் என்ற செய்தி சோவார் முழுக்கப் பரவ ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இங்கிலாந்துக்காரர்கள், அந்தப் பக்கம் டென்மார்க்காரர்கள் என்று ஊர் இரண்டாகக் கிடந்தாலும், வம்பு கடந்து போக மட்டும் ஒரு பலகை எப்போதும் கிடந்தது. ஆணுக்குப் பல மனைவிகளை அனுமதிக்கிற சபையில் ஏற்கெனவே இரண்டு மனைவி உள்ள மனிதர், இருவருக்கும் ஆளுக்கோர் அறை கொடுத்துவிட்ட மனிதர், பனி உருகுவதற்குள் மூன்றாவதாக ஓர் அறையைச் செப்பனிட்டு, அதன் ஜன்னலுக்குத் தலைநகர் சால்ட் லேக்கிலிருந்து கண்ணாடி வரவழைக்கிறார் என்றால் அது பூசணிக்காய் அடுக்குவதற்கு அல்ல. பூசணிக்காய்க்கு ஜன்னல் எதற்கு?

அந்த அறை யாருக்கு என்பது ஊரிலேயே கடைசியாகத் தெரிந்தது போடில் லுண்டுக்குத்தான். அவள் பள்ளிக்கூட டீச்சர். ஒரு நாள் பிஷப் அடுப்புப் புகைக்குழாயைப் பார்க்கிற சாக்கில் பள்ளிக்கு வந்தார். குழாயைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்:

"சிஸ்டர் லுண்ட், உங்களுக்கு ஜன்னல் கிழக்கப் பாத்து இருந்தாப் புடிக்குமா, மேக்கப் பாத்தா?"

"பள்ளிக்கூடத்துக்கா பிஷப்?"

"சும்மா, பொதுவாக் கேட்டேன்."

பொதுவாக ஜன்னலைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது போடிலுக்குத் தெரியும். அவள் சிலேட்டுகளை அடுக்கினாள். பிஷப் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தலைநகர்லேருந்து பிரதர் டிங்லி வர்றாரு. புது எழுத்துல பிள்ளைங்களுக்குப் பரீட்சை வைக்க. நல்லபடியா முடிஞ்சா எல்லாருக்கும் சந்தோஷம். முடியலேன்னா நீங்க கவலையே படக் கூடாது. ஆதரவில்லாத பொம்பளைய இந்தச் சபை தெருவுல விடாது."

அவர் போன பிறகு போடில் தன் சாய்ப்புக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பள்ளிக்கூடத்துப் பின்சுவரோடு ஒட்டி இறக்கிய சின்ன இடம் அது. டீச்சர் வேலை உள்ளவரை அதில் இருக்கலாம்; வேலை போனால் அடுத்த டீச்சருக்கு. தாழ்ப்பாளை மட்டும் அவளே கொல்லனிடம் சொல்லிச் செய்து வாங்கியிருந்தாள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு பெரிய தாழ்ப்பாள் என்று கொல்லன் மனைவி கேட்டதற்கு, தனியாக இருப்பதற்குத்தான் என்று பதில் சொன்னாளாம். திமிர் என்று சிலர் சொன்னார்கள். டேனிஷ்காரி, பாஷை சரியாக வராது என்று வேறு சிலர் சமாதானம் சொன்னார்கள்.

அவள் வந்த கதை ஊருக்கே மனப்பாடம். டென்மார்க்கின் வடக்குக் கோடியில் அவள் பள்ளி ஆசிரியை. இந்தச் சபைக்காரர்கள் இருவர் போய்ப் பிரசங்கம் செய்ய, குளிர்ந்த கடலில் இறங்கி ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். ஊர்ப் பாதிரியார் மறுவாரமே வேலையைப் பிடுங்கிக்கொண்டார். கப்பல் ஏறி, ரயில் ஏறி, கடைசியில் சமவெளி முழுக்கக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தாள். வண்டியில் ஆளுக்கு இவ்வளவு எடைதான் என்று தராசு வைத்து நிறுத்தபோது மற்றப் பெண்கள் மெத்தையா, பாட்டுப் புத்தகமா என்று அழுதுகொண்டு நின்றார்கள். இவள் மெத்தையையும் குளிர்காலச் சட்டையையும் தூக்கிப் போட்டுவிட்டு ஓர் இரும்புச் சட்டியை வைத்துக்கொண்டாள். குழிகுழியாக இருக்கும், மாவை ஊற்றிப் புரட்டிப் புரட்டி உருண்டையாகப் பணியாரம் சுடுகிற சட்டி. அவளுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பையன் வழியில் ஒரு ஸ்வீடன்காரியோடு வேறு வண்டிக்கு மாறிக்கொண்டான். போடில் சட்டியோடு வந்து சேர்ந்தாள். அதற்காக அவள் அழுததாக யாரும் பார்க்கவில்லை. பார்க்க முயன்றவர்கள் உண்டு.

இனி அந்தப் புது எழுத்தைப் பற்றி. ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று; கப்பல் கப்பலாக வந்து இறங்கும் வெளிநாட்டுச் சனம் இதைக் கற்றுக்கொண்டு எப்போது கரையேறுவது என்று தலைநகரத்து மூப்பர்கள் யோசித்தார்கள். பழைய எழுத்தையே தூக்கிப் போட்டுவிட்டு முப்பத்தெட்டுப் புது எழுத்துகளை உண்டாக்கினார்கள். ஒரு சத்தத்துக்கு ஓர் எழுத்து. காதில் விழுவதை எழுது, எழுதியிருப்பதை வாசி. அவ்வளவுதான் இலக்கணம். பார்ப்பதற்கு மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறி மாதிரி இருக்கும். அந்த எழுத்துகளை அச்சடித்த முதல் அட்டை பள்ளிக்கு வந்தபோது, மந்தை வைத்திருந்த ஒருவர் தன் குறியை யாரோ திருடிவிட்டதாகச் சண்டைக்கே வந்தார்.

போடிலுக்கு அந்த எழுத்து ரொம்பப் பிடித்தது. ஒழுங்கான வீடு மாதிரி, எல்லாவற்றுக்கும் ஓர் இடம் இருந்தது. ஆனால் அட்டையைச் சுவரில் மாட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தபோது ஒரு குறை கண்டாள். ஒரே சத்தத்துக்கு இரண்டு எழுத்து இருந்தது. 'ய' என்று ஒன்று. கொக்கி போட்டு இன்னொன்று, அதுவும் 'ய'தான். அவள் காதுக்கு அப்படித்தான் கேட்டது. டென்மார்க்காரர்கள் நாக்குக்கு 'ஜ' ஏறாது. யோசேப்பு, யாக்கோபு என்றே பிறந்து வளர்ந்தவர்கள். மூப்பர்களுக்கு வேலை அதிகம், கை தவறியிருப்பார்கள் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டாள். சிக்கனமாக வளர்ந்தவள். அந்தக் கொக்கி எழுத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டு, மிச்சத்தைக் குளிர்காலம் முழுக்க நடத்தினாள்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் பிஷப்பின் இளையாள் ஹன்னா. அவளுக்குப் பழைய எழுத்து தெரியாது. மகள் ஜெமைமா வீட்டில் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து புது எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் சிலேட்டைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு சாய்ப்புக் கதவைத் தட்டினாள். உள்ளே வந்ததும் முதலில் மோப்பம் பிடித்தாள். காபி. சபை வேண்டாம் என்கிற சமாச்சாரம்.

"வறுத்த பார்லித் தண்ணி," என்றாள் போடில்.

"எனக்கும் ஒரு கப்பு பார்லித் தண்ணி ஊத்துங்க. மூத்தாகிட்ட சொல்ல மாட்டேன்." உட்கார்ந்து இரண்டு வாய் குடித்துவிட்டுச் சிலேட்டை எடுத்து நீட்டினாள். "இது யாரு பேரு?"

"உங்க பொண்ணு பேரு."

"வாசிங்க."

"யெமைமா."

"ஜெமைமா."

"அதத்தான் நானும் சொல்றேன். யெமைமா."

ஹன்னா கப்பைக் கீழே வைத்தாள். "அந்தக் கொக்கி எழுத்து ஒண்ணு இருந்துதே, அது எங்க போச்சு?"

"அது உபரி."

"உபரியா! தலைநகர்லேருந்து அந்த டிங்லி வந்து இதப் பாத்தா உங்கள அன்னிக்கே மூட்டை கட்டச் சொல்லிடுவாரு. எங்க வீட்டுக்காரர் ஏற்கெனவே தரை போட்டு முடிச்சாச்சு, கண்ணாடியும் வந்தாச்சு. சிஸ்டர், எனக்கு உங்க மேல பெரிய பிரியம் ஒண்ணும் கிடையாது. ஆனா அந்த வடக்கு ரூம் சுவத்துக்கு இந்தப் பக்கம் என் கட்டில் கிடக்கு. புரியுதா?"

போடிலுக்குப் புரிந்தது. "மாட்டேன்னு சொல்லலாம்," என்றாள்.

"பிஷப்புகிட்டயா? ஒரு வருஷம் சொல்லலாம். ஊரு மொத்தமும் உங்கள உக்கார வெச்சு உபதேசம் பண்ணும். அப்புறம் உங்களுக்கே அலுத்துப்போயிடும். எனக்கு அப்படித்தான் அலுத்துது." கப்பை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. நாக்க மேல தொட்டு, சொல்லுங்க, ஜ."

"ய."

அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். பள்ளி விட்டதும் சாய்ப்புக்குள்ளிருந்து ய, ய என்று சத்தம் வருவதைக் கேட்டவர்கள், டீச்சர் கழுதை வாங்கியிருக்கிறாளா என்று விசாரித்தார்கள். போடில் பிடிவாதக்காரி; ஆனால் காதில் விழாத ஒன்றை வாயில் எங்கிருந்து கொண்டுவருவது? ஹன்னா தாடையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கோழியை விரட்டுவது போல விரட்டிக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய், "பசிக்குது, அந்தச் சட்டியில எதையாவது போடுங்க," என்றாள்.

போடில் சட்டியைக் காயவைத்துக் குழிக்குக் குழி வெண்ணெய் போட்டாள். காய்ந்ததும் மாவை ஊற்றினாள். முதல் குழியில் மாவு விழுந்தது.

ஹன்னா துள்ளி எழுந்தாள். "அதான்! கேட்டீங்களா? அதான் ஜ! இன்னொரு குழியில ஊத்துங்க!"

போடில் ஊற்றினாள். கேட்டாள். இன்னொன்று ஊற்றினாள். பிறகு சட்டியைப் பார்த்தபடியே மெதுவாக, பல்லுக்கு நடுவே, சுடுகிற எதையோ துப்புவது போலச் சொன்னாள்: "ஜெமைமா."

தன் மகள் பெயரை முதல்முறையாகக் கேட்பவள் போல ஹன்னா கையைத் தட்டினாள். மறுநாள் அந்தச் சட்டி பள்ளிக்கூட அடுப்பில் ஏறியது. கொக்கி எழுத்தின் மேலிருந்த காகிதம் கிழிந்தது. சரியாகச் சொன்னால் ஒரு பணியாரம் என்று அறிவித்ததில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்கூட இரண்டே நாளில் ஜகரத்தில் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். இன்றைக்கும் சோவாரில் வயதானவர்கள் ஜோசப் என்று சொல்லும்போது லேசாக எச்சில் விழுங்குவார்கள்.

இதோடு விட்டிருக்கலாம். போடில் விடவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்கத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்பது அவளை அரித்தது. தன் காதை இனி நம்புவதில்லை என்று முடிவு செய்தாள். இங்கிலாந்தில் பிறந்த வாய் ஒன்று தினமும் வந்து எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வேறு யாரைக் கேட்பது? அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எல்லா எழுத்தையும் சரிபார்க்க ஆரம்பித்தாள்.

"உங்க பேரச் சொல்லுங்க சிஸ்டர்."

"அன்னா."

"ஹன்னா இல்லையா?"

"அதத்தான் சொல்றேன். அன்னா."

போடில் புருவத்தைச் சுருக்கினாள். பள்ளியில் ஹைரம் என்று ஒரு பையன் இருந்தான். "அந்தக் கொல்லன் மகன் பேரு?"

"ஐரம்."

"அவன் தம்பி?"

"ஈபர். ஏன், என்ன ஆச்சு?"

"முன்னாடி ஒரு சத்தம் இல்ல? ஒரு மூச்சு மாதிரி?"

ஹன்னா யோசித்துப் பார்த்தாள். லங்காஷயர் நெசவாலையில் பிறந்து வளர்ந்தவள். அந்தச் சீமையில் ஹகரத்தை யாரும் கண்டதில்லை. "மூச்சு விடறது வேற, பேசறது வேற சிஸ்டர். மேடு ஏறி வந்தா எல்லாருக்கும்தான் மூச்சு வாங்கும். அதப் போய் எழுதுவாங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. சபையில் பிஷப் பேசுவதையும் நினைத்துப் பார்த்தாள். அவரும் ஐரம் என்றுதான் கூப்பிடுவார். தன் பெயரையே ஆட்டன் என்றுதான் சொல்வார். டேனிஷ் நாக்குக்குத்தான் இந்த மூச்சு தோன்றியிருக்கிறது; ஆக இதுவும் தன் தப்பு. போடில் பசை எடுத்து, கிழித்த காகிதத்தை அந்த ஹகரத்தின் மேல் ஒட்டினாள். அட்டையில் மறுபடியும் ஓர் எழுத்துக் குறைந்தது. அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பரீட்சை நாளன்று கூட்டம் சபை மண்டபத்தில் கொள்ளவில்லை. பிஷப் முன்வரிசையில், சவரம் செய்து, புதுக் கழுத்துத்துணி கட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு பக்கம் மூத்தாள் மார்த்தா, மறுபக்கம் ஹன்னா. சந்தைக்குக்கூட ஒன்றாகப் போகாதவர்கள் அன்று ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எல்லோரும் கவனித்தார்கள். பிரதர் டிங்லி பருத்த மனிதர். படி ஏறியதில் அவருக்கு நிஜமாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பெயர்களைச் சொல்வேன், பிள்ளைகள் எழுதட்டும்; நான் சிலேட்டை வாங்கி எழுதியிருப்பதை அப்படியே வாசிப்பேன்; இந்த எழுத்தின் மகிமையே அதுதான் என்று விளக்கினார்.

"ஜோசப்," என்றார். "ஜேகப். ஜெமைமா."

சிலேட்டுப் பென்சில்கள் கீறின. டிங்லி ஒவ்வொன்றாக வாங்கி உரக்க வாசித்தார். ஜோசப். ஜேகப். ஜெமைமா. ஒரு பிசகு இல்லை. "டேனிஷ் ஊரில் ஜகரம்!" என்று வியந்தார். ஹன்னா முழங்கையால் மார்த்தாவை இடித்தாள். மார்த்தா திருப்பி இடிக்கவில்லை. ஆனால் நகர்ந்தும் உட்காரவில்லை. பிஷப் கழுத்துத்துணியைத் தளர்த்திக்கொண்டார்.

"ஹைரம்," என்றார் டிங்லி.

சிலேட்டு வந்தது. அவர் வாயிலிருந்து ஐரம் என்று வந்தது. நின்றார். அடுத்த சிலேட்டு: ஐரம். அதற்கடுத்ததும். "ஹீபர்," என்று உரக்கக் கத்தினார். ஈபர், ஈபர் என்று வரிசையாக வந்தன.

"குழந்தே," என்று ஜெமைமாவைக் கூப்பிட்டார். "நான் என்ன சொன்னேன்? முதல்ல ஒரு சத்தம் கேக்கலியா உனக்கு?"

"கேட்டுது பிரதர். அது உங்க மூச்சு. படியேறி வந்தீங்கள்ல. அத எழுத வேணாம்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கத் தும்மினார்கள். டிங்லி சிவந்துபோனார். போடில் எழுந்து நின்றாள். அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"நான்தான் சொன்னேன் பிரதர். அந்த எழுத்து இந்த ஊர்ல கிடையாது."

"கிடையாதா! உங்க பிஷப் பேரே அந்த எழுத்துலதான் ஆரம்பிக்குது. எழுதுங்கப்பா எல்லாரும், பிஷப் ஹாட்டன்!" எழுதி முடிப்பதற்குள் ஒரு சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். "பிஷப், நீங்களே சொல்லுங்க. இந்த டீச்சர் வேலையில இருக்கணுமா வேண்டாமாங்கறது உங்க ஒரு வார்த்தையில இருக்கு. இது உங்க பேரா?"

பிஷப்புக்கு மனசுக்குள் என்ன பதில் வேண்டும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தப்பு என்று ஒரு சொல். வடக்கு அறைக்குக் கண்ணாடிகூடப் போட்டாகிவிட்டது. போடில் அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

பிஷப் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தப்பைத் தேடினார், மனசாரத் தேடினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். சிலேட்டைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தார். நேர்மையான மனிதர் அவர், அந்த விஷயத்தில் யாரும் குறை சொன்னதில்லை. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டார்.

"சரியாத்தானே இருக்கு. ஆட்டன்."

"ஹாட்டன், பிஷப்!"

"அதத்தானே நானும் சொல்றேன். ஆட்டன்."

"ஹா! ஹா!" என்று டிங்லி வாயைத் திறந்து காட்டினார்.

"சிரிக்க என்ன இருக்கு இதுல?" பிஷப்பின் குரல் கனத்துவிட்டது. "எங்கப்பா ஆட்டன், எங்க தாத்தா ஆட்டன். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பம்தான், ஆனா எங்க பேரு எங்களுக்குத் தெரியும்."

மார்த்தா எழுந்தாள். அவள் சபையில் எழுந்து பேசி ஊர் பார்த்ததில்லை. "கலியாணமான நாள்லேருந்து நான் ஆட்டன் பொண்டாட்டி. இத்தன வருஷம் கழிச்சு ஒருத்தர் தலைநகர்லேருந்து வண்டி கட்டிக்கிட்டு வந்து, உன் புருஷன் வேற ஆளுன்னு சொல்றதா? பிள்ளைங்க எழுதினது சரி. டீச்சர் சொல்லிக்குடுத்ததும் சரி."

"அக்கா சொன்னா சரிதான்," என்றாள் ஹன்னா. சோவார் வரலாற்றில் அந்த வாக்கியம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துச் சனம் முழுதும் முணுமுணுக்க ஆரம்பித்தது. ஆலிவர், ஆர்க்ரீவ்ஸ் என்று ஆளாளுக்குத் தங்கள் பெயரை எழுந்து நின்று சொன்னார்கள். அதில் யார் எழுத்தைத் தொலைத்தவர், யாருக்கு ஆரம்பத்திலிருந்தே இல்லை என்று டிங்லியால் பிரிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்துச் சனத்துக்கு விஷயமே புரியவில்லை. ஆனாலும் டீச்சர் நம்ம ஆள் என்பதால் காலைத் தரையில் தட்டினார்கள். ஒரு பிஷப்புக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியாது என்று தலைநகரத்துக்கு எழுதுவதா? டிங்லி நாற்காலியில் உட்கார்ந்தார். தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முடிவு ஜெபத்தைப் பிஷப்பே சொன்னார். டிங்லி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிக்கும்போது பிஷப் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்தி, கம்பீரமாக, "ஹாமென்," என்றார். காணாமல் போன எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று டிங்லிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

என்ன செய்தோம் என்று பிஷப்புக்கு உறைத்தது வீட்டுக்கு வந்து வடக்கு அறைக் கதவைத் திறந்தபோதுதான் என்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்றாராம். கிழக்கு ஜன்னல் வழியாக வெளிச்சம் நன்றாக வந்ததாம். இலையுதிர்காலத்தில் மூத்தாளும் இளையாளுமாகச் சேர்ந்து அதில் பூசணிக்காயை அடுக்கினார்கள். அந்த வட்டாரத்திலேயே கண்ணாடி ஜன்னல் வைத்த அறையில் வாழ்ந்த பூசணிக்காய்கள் அவை மட்டும்தான்.

போடில் அந்தச் சாய்ப்பிலேயே இருந்தாள், தாழ்ப்பாள் தேய்ந்து மாற்றுகிறவரை, மாற்றியதும் தேய்கிறவரை. ஹன்னா மத்தியானங்களில் பார்லித் தண்ணி குடிக்க வருவதை நிறுத்தவில்லை. சில வருஷங்களில் தலைநகரத்து மூப்பர்களுக்கே புது எழுத்து அலுத்துவிட்டது. பழையபடியே நடத்துங்கள் என்று செய்தி வந்தது. ஊரில் சிலர் வருத்தப்பட்டார்கள், மந்தைக்காரர் சந்தோஷப்பட்டார். போடில் சுவரிலிருந்து அட்டையைக் கழற்றித் தூசி தட்டினாள். காகிதம் ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும் அன்னா," என்றாள். "அதுல ஓர் எழுத்து உபரி. எதுன்னுதான் கடைசிவரைக்கும் சரியாப் புடிபடல."

பிறகு சட்டியைக் காயவைத்தாள்.